கர்ப்பிணிப் பணமும் அதைச் சுற்றி நின்றவர்களும்

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. மலைமேல் காபி எஸ்டேட் லைன் வீடுகள் அப்படித்தான். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் கடைசி வீடு வரை தும்முவார்கள். அதனால் பக்கத்து வீட்டுப் பெண் உண்டாகியிருக்கிறாள் என்பது அவள் புருஷனுக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. விடிந்ததும் பின்பக்கம் போய்க் குனிந்து நின்று வாந்தி எடுப்பாள். சத்தம் வெளியே வரக்கூடாது என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாள்.

அவள் அரூர்ப் பக்கம் பிறந்தவள். அம்மா இல்லை. மாமியார் மாரமங்கலத்தில் மூத்த மகனோடு இருந்தார். புருஷன் எங்கள் எஸ்டேட்டில் நிழல் மரங்களில் ஏறிக் கிளை கழிக்கிறவன். கெட்டவன் இல்லை, எதற்கும் தலையாட்டுகிறவன். அவளும் எஸ்டேட்டில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். என் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் மருந்தடிக்கிறார். நான் வீட்டிலேயே மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறேன். பகலில் லைனில் ஆள் இருக்கும் வீடு என்னுடையது ஒன்றுதான். அதனால் எல்லாவற்றுக்கும் என்னிடம் வருவாள்.

நர்சம்மாவிடம் அவளை அழைத்துப் போனதும் நான்தான். வாரம் ஒருமுறை ஸ்கூட்டரில் கிளியூருக்கு வரும் நர்சம்மா அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ரத்தமே இல்லையே சாமி. சரி, கேட்டுக்க. சர்க்கார் பணம் தருது. தவணை தவணையா உன்ற கணக்குல வரும். ஆனா சும்மா வராது. இப்பவே பதியோணும். மாசாமாசம் செக்கப்புக்கு வரோணும். பிரசவம் சர்க்கார் ஆஸ்பத்திரியில ஆகோணும். பொறந்தப்புறம் ஊசியெல்லாம் தவறாம போடோணும். அவ்வளவுதான்."

திரும்பி நடக்கும்போது அவள் முகம் பளிச்சென்று இருந்தது. பிரசவம் தை மாதத்தில் வரும். அது பழம் பறிப்பு உச்சத்தில் இருக்கும் காலம். எங்கள் எஸ்டேட்டில் பிள்ளை பெற்றவர்கள் பச்சை உடம்போடு காபிச் செடிகளுக்கு நடுவே தூளி கட்டிவிட்டுப் பழம் பறிப்பதை அவள் பார்த்திருந்தாள்.

"கடைசி மாசமும், பொறந்து மூணு மாசமும் ஊட்டுலயே உக்காந்துக்கலாமுங்க்கா. அந்தப் பணம் வந்தா அது போதுமுங்க்கா" என்றாள்.

அந்தப் பணத்தில் அவள் கேட்டது அவ்வளவுதான். உட்கார்ந்திருக்க ஓர் இடைவெளி.

செய்தி லைனில் பரவ நேரமாகவில்லை. கையில் ஒரு பைசா வருவதற்கு முன்பே அந்தப் பணத்தை எல்லோரும் தின்னத் தொடங்கினார்கள். முதலில் தின்றது அவள் புருஷன். டவுனில் ஒரு கடையில் தவணைக்குப் பெரிய போன் ஒன்றை வாங்கி வந்து, "அதான் பணம் வருதே" என்றான். மளிகைக்கடைக்காரர், அதுவரை சம்பளத்தன்று வாங்கிக்கொண்டிருந்தவர், "சர்க்கார் பணம் வந்ததும் பழைய பாக்கியை மொத்தமா முடிச்சிரு கண்ணு" என்று சொல்லி, அன்றிலிருந்து அரிசியை மட்டும் கடனாகக் கொடுத்தார். பருப்பு கேட்டால் அடுத்த ஆளைப் பார்ப்பார்.

எங்கள் ரைட்டர் எல்லோரையும் விடக் கெட்டிக்காரர். எஸ்டேட்டில் ஆள் பிரித்துவிடுவதும் கூலி போடுவதும் அவர்தான். அவள் செக்கப்புக்குப் போக வேண்டும் என்று லீவு கேட்டபோது நான் அங்கே நின்றிருந்தேன். ரவிக்கைக் காசு வாங்கப் போயிருந்தேன்.

"மாசாமாசம் லீவுன்னா வாரக் கடைசிக் காசு கெடையாது. தெரியுமில்ல?" என்றார்.

வாரம் முழுக்க வந்தவர்களுக்குக் கூலியோடு சேர்த்துக் கொடுக்கும் காசு அது. எங்கள் லைனில் குழம்பில் காய் விழுவதே அந்தக் காசில்தான்.

"ஏனுங்க, ஆஸ்பத்திரிக்குத்தானுங்க போறேன்" என்றாள்.

"அதுக்குத்தான் சர்க்கார் குடுக்குதே. நாங்களும் எதுக்குக் குடுக்கோணும்?"

அவர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். சர்க்கார் ஒரு கையால் கொடுப்பதாகச் சொன்ன பணத்தைத் தன் கையால் எடுத்துக்கொள்ள அவருக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. எனக்கு அவர் சட்டைப்பையில் செருகியிருந்த பேனாவைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை.

செக்கப் நாட்களில் நானும் கூடப் போவேன். டவுன் ஆஸ்பத்திரியில் ரத்தம், சிறுநீர் பார்ப்பார்கள். ஸ்கேன் எடுக்க மட்டும் மலையை விட்டு இறங்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப அவள் நிறம் மாறும். ஒருமுறை நான் கொண்டுபோன பை போதாமல் படிக்கட்டில் வாந்தி எடுத்துவிட்டாள். சுற்றுலா வந்த குடும்பம் ஒன்று மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து பின்னால் போனது. கண்டக்டர், "ஏம்மா, இந்த ஒடம்ப வெச்சுக்கிட்டு எதுக்கு இறங்கறீங்க?" என்றார். எதற்கு இறங்குகிறோம் என்று அவருக்குச் சொல்ல ஆரம்பித்தால் கீழே போய்ச் சேரும்வரை சொல்ல வேண்டியிருக்கும். நான் என் பையிலிருந்த வெட்டுத் துணியை எடுத்துப் படிக்கட்டைத் துடைத்தேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தச் செக்கப்பில்தான் அவளுக்கு ரத்தம் எவ்வளவு குறைவு என்று தெரிந்தது. ஊசி மூலம் இரும்புச்சத்து ஏற்றினார்கள். பணம் என்ற பேச்சு இல்லாமல் இருந்தால் அவள் புருஷன் அனுப்பியிருக்க மாட்டான், அவளும் போயிருக்க மாட்டாள். அந்த ஊசிகள்தான் அவளைப் பிழைக்க வைத்தன என்று இன்றும் நினைக்கிறேன். ஆகவே அந்தத் திட்டத்தை நான் திட்டவில்லை. எனக்குக் குமட்டுவது அதைச் சுற்றி நின்றவர்களை நினைத்தால்தான்.

முதல் தவணை வந்ததாக அவள் புருஷனின் புதுப் போனில் செய்தி வந்தது. டவுன் பேங்குக்குப் போக ஒரு நாள் கூலி போகும். ரோட்டு முனையில் ஒரு கடை இருந்தது. ரேகை வைத்தால் மிஷினில் பணம் எடுத்துத் தருவார்கள். கடைக்காரர் பக்கத்து ஊர்களில் பெரிய மனிதர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஊரில் எந்த விழா என்றாலும் முன்னால் நிற்பவர். ஒவ்வொரு ஆளிடமும் மிஷின் செலவு என்று கொஞ்சம் பிடித்துக்கொள்வார். அது எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை.

அவள் விரல்களை மிஷின் ஏற்கவில்லை. மண்ணும் செடியும் பட்டுப் பட்டு ரேகை தேய்ந்திருந்தது. கடைக்காரர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். அவள் கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். ஈரத்துணியால் துடைத்தார். ஒரு விரலை வைத்து அழுத்தினார். அடுத்த விரல். அதற்கடுத்த விரல். மறுபடி முதலிலிருந்து. "இறுக்கமா வெக்காத சாமி, தளர்வா விடு" என்றார். அவர் மூச்சு அவள் கழுத்தில் படுகிற தூரத்தில் நின்றிருந்தார். மிஷினில் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்த பிறகும் அவர் கை அவள் கையை விடவில்லை. கட்டை விரலால் அவள் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே, "வேலை செஞ்சு செஞ்சு கை எப்புடிக் காச்சுப் போச்சு பாரு" என்றார்.

அவள் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் மட்டும் காது வரை ஏறியிருந்தது.

நான் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். "விடுங்க. நாங்க பேங்குக்கே போய்க்கறோம்."

"ஒதவி பண்றவங்கள இப்புடிப் பேசுனா எப்புடிம்மா?" என்றார் அவர். அவர் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. வெளியே வந்து பைப்படியில் அவள் கையைக் கழுவினாள். பிறகு முகத்தைக் கழுவினாள். பிறகு மறுபடியும் கையை.

பேங்குக்குப் போய் எடுத்த பணம் அன்று சாயங்காலத்துக்குள் போய்விட்டது. பாதி மளிகைக்கடைக்கு, மீதியில் பெரும்பகுதி போன் தவணைக்கு. முட்டை வாங்கவென்று கொஞ்சம் காசை மட்டும் அவள் என் மிஷின் டிராயரில் ஒளித்து வைத்தாள். வேலை விட்டு வந்ததும் என் வீட்டில் உட்கார்ந்து ஒரு முட்டை தின்றுவிட்டுப் போவாள். தன் வீட்டில் அவித்தால் புருஷனுக்கும் வைக்க வேண்டும் என்பாள்.

கார்த்திகையில் டவுனில் ஒரு மண்டபத்தில் கர்ப்பிணிகளுக்கெல்லாம் சேர்த்து வளைகாப்பு என்று சொன்னார்கள். இரண்டாவது தவணை அப்போது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ரேகைக்கடைக்காரர்தான் லைன் லைனாக வந்து சொன்னார்: "எல்லாரும் கண்டிப்பா வரோணும். வரலீன்னா அடுத்த தவணை நிக்கும். மேல இருந்து சொல்லியிருக்காங்க." அவளுக்கு எட்டாம் மாதம். கால் வீங்கியிருந்தது. நான் வேண்டாம் என்றேன். அவள், "பணம் நின்னுருமாமுங்க்கா" என்றாள். போனோம்.

மலை முழுக்க இருந்து ஜீப்புகளிலும் வேன்களிலும் பெண்களைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். தலைச்சோலையிலிருந்து வந்த ஒரு பெண் விடிவதற்கு முன்பே கிளம்பியதாகச் சொன்னாள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்காரவைத்து, நெற்றியில் சந்தனமும் கழுத்தில் ஒரே மாதிரி மாலையும் போட்டார்கள். வளையல் போட்டுத் தொடங்கிவைக்க வர வேண்டிய விருந்தாளி வரவில்லை. பத்து மணி என்றார்கள். மதியம் ஆகியும் வரவில்லை. மேடைக்குப் பின்னால் தக்காளிச் சோறும் தயிர்ச் சோறும் வாசம் வீசின. போட்டோ எடுத்த பிறகுதான் சாப்பாடு என்றார்கள்.

பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து ஒண்ணுக்குப் போகக் கேட்டபோது ரேகைக்கடைக்காரர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். "இதோ அவரு வண்டி ஒண்டிக்கடை ஸ்டாப்புக்கிட்ட வந்துருச்சு. அவரு உள்ள வரும்போது சேர் காலியா இருந்தா அசிங்கம்."

கூட வந்தவர்களை ஓரமாக நிறுத்திவைத்திருந்தார்கள். நான் தூணோரம் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முதலில் கால்களை மாற்றி மாற்றி வைத்தாள். பிறகு அசையாமல் இருந்தாள். பிறகு என்னைத் தேடினாள். அவள் கண்ணைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் நாற்காலிக்கு அடியில் சிமெண்டுத் தரையில் ஈரம் பரவியிருந்தது. பட்டுச் சேலை அது. அவளுக்கு இருந்த ஒரே பட்டுச் சேலை, கல்யாணச் சேலை.

நான் என் சால்வையை எடுத்து அவள் மடியில் போட்டு, முன்னால் மறைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்து நாற்காலிப் பெண் தன் காலால் ஒரு செய்தித்தாளை நகர்த்தி ஈரத்தின் மேல் போட்டாள். அந்த நேரத்தில்தான் வெளியே பட்டாசு வெடித்தது. விருந்தாளி உள்ளே வந்தார். "மறைக்காதம்மா, நகரு, கேமராவுக்கு மறைக்குது" என்று யாரோ என் தோளைப் பிடித்துத் தள்ளினார்கள்.

வரிசையாக வளையல் போட்டார்கள். சத்துமாவு, பேரீச்சம்பழம், நெய், டானிக் எல்லாம் போட்ட பை ஒன்றை ஒவ்வொரு பெண்ணின் கையிலும் கொடுத்து, விருந்தாளியும் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். "சிரிம்மா" என்றார்கள். அவள் நனைந்த சேலையோடு உட்கார்ந்தபடியே சிரித்தாள். வண்டி கிளம்பியதும் ரேகைக்கடைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் வரிசையாக வந்து பைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பதிவு சரிபார்த்து அப்புறம் தருவார்களாம். ஒரு வாரம் கழித்து அந்தப் பை அவள் வீட்டுக்கு வந்தபோது அதில் நெய் இல்லை. பேரீச்சம்பழம் இல்லை. சத்துமாவும் டானிக்கும் இருந்தன.

பஸ் நிறுத்தத்தில் பெரிய ப்ளெக்ஸ் ஒன்று கட்டினார்கள். மேலே விருந்தாளியின் முகம், மூலையில் ரேகைக்கடைக்காரரின் முகம், கீழே பெண்கள் வரிசை. அவள் நடுவில் இருந்தாள். மடியில் என் சால்வை. அதன் பிறகு அவள் பஸ் ஏற அங்கே போகவில்லை. அடுத்த நிறுத்தம் வரை மேட்டில் நடந்து போய் ஏறினாள், அந்த வயிற்றோடு.

"அத யாராச்சும் கழட்டிப் போட்டா தேவலீங்க்கா" என்று ஒருநாள் முட்டையை உரித்துக்கொண்டே சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் நான் துணி வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு போனேன். பட்டப்பகலில்தான். கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தேன். டீக்கடையில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ப்ளெக்ஸ் தடதடவென்று சரிந்து சாக்கடையில் விழுந்தது. மூலையில் இருந்த முகம் மேலே பார்த்தபடி கிடந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

இரண்டாவது தவணை மார்கழி முடிந்தும் வரவில்லை. அவள் ஒன்பதாம் மாதத்திலும் பழம் பறிக்கப் போனாள். பனியில் நனைந்த செடிகளுக்குள் நுழைந்தால் இடுப்பு வரை ஈரமாகிவிடும். பழக்கூடையை வயிற்றுக்கு முன்னால் கட்ட முடியாமல் முதுகில் கட்டிக்கொண்டாள். வலி எடுத்ததும் செடிகளுக்கு நடுவில்தான். ஆம்புலன்ஸ் வந்தது, அதைக் குறை சொல்லக்கூடாது. டவுனில் பார்த்துவிட்டு, ரத்தம் குறைவு, இங்கே வேண்டாம் என்று மலைக்குக் கீழே அனுப்பினார்கள். வளைவுகளில் நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் புருஷன் காலடியில் உட்கார்ந்து அழுதான்.

பெண் குழந்தை பிறந்தது. எலிக்குட்டி மாதிரி இருந்தாலும் நல்ல குரல்.

பிரசவ வார்டில் ஒரு பெண் இருந்தார். அவர் நர்சா, ஆயாவா, வேறு யாரா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. நான் வெளியே பால் வாங்கப் போயிருந்த நேரத்தில் அவளிடம் வந்து, "காப்பர்-டி போட்டுக்கறியா? போட்டாத்தான் மிச்சப் பணம் வரும். வேண்டாம்னா எழுதிக் குடு, பணம் நின்னுரும்" என்று சொல்லியிருக்கிறார். அவள் தலையாட்டியிருக்கிறாள். நான் பாலோடு திரும்பி வந்தபோது அந்தக் கருத்தடைக் கம்பியைப் போட்டு முடித்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவளுக்கு உதிரம் நிற்கவில்லை. முதலில் பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்றோம். ஒரு மாதம் தாண்டியும் நிற்கவில்லை. வீட்டில் உட்கார வேண்டும் என்று அவள் ஆசைப்பட்ட மாதங்கள் அப்படித்தான் போயின. உட்கார்ந்துதான் இருந்தாள், பழைய துணிகளைக் கிழித்து மடித்துக்கொண்டு. நான் என் வெட்டுத் துணிகளையெல்லாம் அவளுக்குக் கொடுத்தேன். "எடுத்தர்லாம் கண்ணு, வா" என்று கூப்பிட்டேன். வரவில்லை. "எடுத்தா பணம் நின்னுருமுங்க்கா. இன்னும் ரெண்டு தவண இருக்குது" என்றாள். உதடு வெளுத்திருந்தது.

ஒருநாள் துணி துவைக்கும் கல்லருகே மயங்கி உட்கார்ந்துவிட்டாள். அன்று நான் கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன், அவள் பின்னால் வந்தாள். டவுன் ஆஸ்பத்திரியில் முதல் நாள் பார்த்த அதே நர்சம்மா இருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். எடுத்தால் பணம் நிற்குமா என்று அவளே கேட்டாள்.

நர்சம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார். "யாரு சொன்னா உனக்கு? அதுக்கும் பணத்துக்கும் சம்பந்தமே இல்ல."

"ஆஸ்பத்திரியிலதானுங்க சொன்னாங்க."

"அப்புடி ஒரு ரூலே கெடையாது சாமி."

அவள் மேஜைக்குக் கிட்டே நகர்ந்து நின்றாள். பிறகு கேட்டாள்: "அந்த வளைகாப்புக்கு வரலீன்னா நிக்கும்னாங்களே. அதுங்க?"

நர்சம்மா கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "அதுவும் இல்ல." பிறகு மெதுவாக, "எங்களுக்கும் மேல கணக்குக் காட்டச் சொல்றாங்க. இத்தனை பேரு வரோணும், இத்தனை பேருக்குப் போடோணும்னு. நாங்க என்ன பண்றது?" என்றார்.

நர்சம்மா நல்லவர்தான். முதல் நாள் அவர் சொன்னது நான்கே விஷயங்கள். அவர் வாயிலிருந்து எங்கள் லைன் வரைக்கும் வருவதற்குள் வழியில் இருந்த ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ஒரு நிபந்தனையைச் சேர்த்துக்கொண்டார்கள். என் மண்டபம் நிறைய வேண்டும். என் கணக்குச் சரியாக வேண்டும். என் கூலி மிச்சமாக வேண்டும். பணம் தேவைப்படுகிற ஒரு பெண்ணிடம் எதைச் சொன்னாலும் தலையாட்டுவாள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஏழைகளுக்குச் சும்மா பணம் கொடுத்தால் சோம்பேறியாகிவிடுவார்கள், அதனால்தான் நிபந்தனை என்று டீவியில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். சோம்பேறிகளை நானும் பார்த்தேன். அவர்கள் யாரும் கர்ப்பமாக இல்லை.

டாக்டர் அன்றே அதை எடுத்துவிட்டார். மாத்திரை கொடுத்தார்கள். பஸ்ஸில் வரும்போது அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ரோட்டு முனையில் இறங்கினோம். லைனுக்குப் போகும் வழியில் திரும்பாமல் நேராக ரேகைக் கடைக்குப் போனாள். கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். கடைக்காரர் மேஜைக்குப் பின்னால் இருந்தார்.

"ஏனுங்க" என்றாள். குரல் உயரவில்லை. "வளைகாப்புக்கு வரலீன்னா பணம் நிக்கும்னு சொன்னீங்களே. அத யாரு சொன்னாங்க?"

"மேல சொன்னதுதான்."

"மேலன்னா யாருங்க?"

அவர் போனை எடுத்துப் பார்த்தார். "ஊட்டுக்குப் போம்மா. கைக்கொழந்தக்காரி."

"ரூலே இல்லீன்னு நர்சம்மா சொல்றாங்க. அப்புறம் அந்தப் பையில இருந்த நெய்யி எங்கீங்க? நீங்க தின்னீங்களா?"

யாரோ ஒருவர் பின்னால் சிரித்துவிட்டு நிறுத்தினார். கடைக்காரரின் முகம் முதன்முறையாகக் கறுத்தது. "வார்த்தைய அளந்து பேசோணும்" என்றார்.

அவள் குனிந்து கடைப் படியைப் பார்த்தாள். வாயில் ஊறியதைத் திரட்டி அந்தப் படியின் மேல் துப்பினாள். நிதானமாக, குறி பார்த்துத் துப்பினாள். பிறகு என் கையிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டு நடந்தாள். எத்தனையோ மாதமாக நெஞ்சுக்குள் நின்றுகொண்டிருந்த ஏதோ ஒன்று எனக்கும் சேர்த்து வெளியே வந்த மாதிரி இருந்தது.

அதற்கு விலை இல்லாமல் போகவில்லை. ரைட்டரும் ரேகைக்கடைக்காரரும் ஒன்றாக உட்கார்ந்து குடிக்கிறவர்கள். அடுத்த வாரம் அவள் உடம்பு தேறி வேலை கேட்டபோது ஆள் போதும் என்றார் ரைட்டர். அதற்கடுத்த வாரமும் அப்படியே. புருஷனுக்கும் கிளை கழிக்கும் வேலையைக் குறைத்தார். தலையாட்டுகிறவன் என்று நான் நினைத்திருந்த அந்தப் பையன் அப்போது ஒரு காரியம் செய்தான். அந்தப் போனை விற்றான். தலைச்சோலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் போய் வேலை பேசிவிட்டு வந்தான். பாத்திரங்களை மூட்டை கட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். என் பக்கத்து வீட்டில் இப்போது வேறொரு குடும்பம் இருக்கிறது.

கொஞ்ச நாள் முன்பு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அவளைப் பார்த்தேன். குழந்தை அவள் இடுப்பில் நிற்காமல் கீழே இறங்க முண்டிக்கொண்டிருந்தது. அவள் உதட்டில் நிறம் வந்திருந்தது. காலில் புது ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். அட்டைக் கடிக்கும் ஈரத்துக்கும் எங்கள் பக்கம் அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறவர்கள் ரைட்டர்கள் மட்டும்தான்.

"அங்க எப்புடிக் கண்ணு?" என்று கேட்டேன்.

"கூலி கொஞ்சம் சேத்தி குடுக்கறாங்க்கா. தண்ணிதான் நொம்ப தூரம்."

"மிச்சப் பணம் வந்துச்சா?"

"வந்துச்சுங்க்கா. ஊசியெல்லாம் போட்டு முடிச்சப்புறம் ஒண்ணா வந்துச்சு. பேங்குக்கு நானே போயி எடுத்தேன். ஒரு கம்பளி வாங்கினோம். அப்புறம் இது" என்று காலைத் தூக்கிக் காட்டினாள். "மிச்சத்த அவரு கண்ணுல காட்டல."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சந்தோஷத்துக்குள்ளேயே ஒரு கசப்பும் இருந்தது. ஒரு கம்பளி, ஒரு ஜோடி பூட்ஸ், மறைத்து வைத்த கொஞ்சம் காசு. நல்ல பொருட்கள்தான். அவள் கேட்டிருந்தது உட்கார்ந்திருக்க நாலு மாதம். அதை மட்டும் அந்தப் பணம் வாங்கித் தரவில்லை.

தலைச்சோலை பஸ் ஹாரன் அடித்தது. அவள் படியில் ஏறி, கூட்டத்துக்குள் பாதி நுழைந்துவிட்டுத் திரும்பினாள்.

"அக்கா, இவளுக்கு ஒரு கவுன் தெச்சு வைங்க. அடுத்த சந்தைக்கு வந்து வாங்கிக்கறேன். காசு குடுத்துருவேன்."

"அளவு?"

கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். அவள் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கை விரல்களை விரித்துக் குழந்தையின் தோளிலிருந்து முழங்கால் வரை சாண் போட்டுக் காட்டினாள்.

"கொஞ்சம் பெருசாவே தெய்யுங்க்கா" என்றாள்.